ஆட் பண்ணியா மக்கா?

ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி காணாமல் போகிற ஃபைலை மீட்க ஒரு வழி இருக்கு. அந்த வழியில் கிட்டத்தட்ட நூற்று இருபது வருஷத்துக்கு முன்னாடியே நடந்து காட்டிய ஊர், எட்டயபுரம்!

'நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு மச்சி... சின்னதா ஒரு சேஞ்ச்தான் பண்ணேன்... போச்சு!'

இன்ஜினீயரிங் காலேஜ் ஹாஸ்டல்களில் புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி தவறாமல் ஒலிக்கிற ஒப்பாரி இது. சாயங்காலம் வரைக்கும் சமர்த்தாக ஓடின புரோகிராம், 'இன்னும் கொஞ்சம் அழகு பண்ணலாமே' என்று கை வைத்ததும் படுத்துவிடும். கன்ட்ரோல் இசட்டைத் தட்டித் தட்டி விரல் தேயும். எடிட்டரை மூடித் திறந்திருந்தால் அதுவும் கைவிட்டுவிடும். அப்புறம் ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தால் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் நியூ ஒரிஜினல்', 'சத்தியமா ஃபைனல்' என்று நாலு காப்பி இருக்கும். இதில் ஓடினது எது? அது அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்!

'அதான் கிட் இருக்கே பாஸ்' என்கிறீர்களா? இருக்குதான். கிட்டை இன்ஸ்டால் பண்ணாத லேப்டாப்பே இல்லை. ஆனால் நம்மில் பாதிப் பேருக்கு கிட் என்றால் மூணே மூணு மந்திரம். ஆட், கமிட், புஷ். அர்த்தம் புரியாமல் ஐயர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிற மாதிரி வரிசையாக அடித்துவிட்டுப் போய்விடுகிறோம். 'கமிட்தானே சேமிக்குது, அப்புறம் எதுக்கு நடுவுல ஒரு ஆட்?' என்று கேட்டால் பதில் வராது.

அந்த 'ஆட்'டில்தான் மக்களே விஷயமே இருக்கு. தொலைந்த ஃபைல் பல நேரம் அங்கேதான் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

மூணு நோட்டு கதை

நம்ம லேபில் மூணு விதமான நோட்டு உண்டு. எக்ஸ்பெரிமென்ட் பண்ணும்போது ரீடிங்கைக் கிறுக்குகிற ரஃப் பேப்பர். அதைப் பார்த்து ஒழுங்காக எழுதிக்கொள்கிற அப்சர்வேஷன் நோட்டு. கடைசியில் அழகாக எழுதி, சார்கிட்ட சைன் வாங்குகிற ரெக்கார்டு நோட்டு.

கிட்டும் அதே மூணு நோட்டுதான் வெச்சிருக்கு.

நீங்க எடிட்டரில் திறந்து அடித்துத் திருத்துகிற ஃபைல்தான் ரஃப் பேப்பர். இதற்கு ஒர்க்கிங் ட்ரீ என்று பேர். 'கிட் ஆட்' என்று சொன்னதும், அந்த நிமிஷத்தில் ஃபைல் எப்படி இருக்கோ அப்படியே அப்சர்வேஷனில் ஏறிவிடும். அந்த அப்சர்வேஷனுக்குப் பேர்தான் ஸ்டேஜிங் ஏரியா. இண்டெக்ஸ் என்றும் சொல்வார்கள். 'கிட் கமிட்' என்பது ரெக்கார்டு. தேதி, பேர், ஒரு வரிக் குறிப்பு எல்லாம் போட்டு சைன் ஆனது.

ரஃப் பேப்பரில் டீ கொட்டிவிட்டால் என்ன செய்வோம்? அப்சர்வேஷனைத் திறந்து புது பேப்பரில் காப்பி பண்ணிக்கொள்வோம். கிட்டில் அந்த வேலைக்குப் பேர் 'கிட் ரீஸ்டோர்'. அவ்வளவுதான் இந்தக் கட்டுரை. மிச்சமெல்லாம் டீ எங்கெங்கே கொட்டும் என்கிற விவரம்!

1904-ல் ஒரு கமிட்

எட்டயபுரம் என்றதும் எல்லாருக்கும் பாரதியார்தான் ஞாபகம் வரும். 1882 டிசம்பர் 11-ல் அவர் பிறந்த வீடு, மணிமண்டபம் எல்லாம் பார்க்க டூர் பஸ் வரும். அதே ஊரில் இன்னொரு பெரிய ஆளின் நினைவிடமும் இருக்கு. கர்னாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார். கடைசிக் காலத்தில் தம்பி இருந்த ஊருக்கு வந்த அண்ணன், 1835-ல் தீபாவளி நாளில் இங்கேயே காலமானார்.

இப்போது ஒரு இன்ஜினீயரிங் கேள்வி. தீட்சிதர் பாடல்களின் பேக்கப் எங்கே இருந்தது?

அன்றைக்கு எம்.பி. த்ரீயும் இல்லை, ரெக்கார்டிங்கும் இல்லை. பாட்டு சிஷ்யர்களின் தொண்டையில் இருந்தது. தொண்டை என்பது ரஃப் பேப்பர் மாதிரி. ஒவ்வொருத்தர் பாடும்போதும் கொஞ்சம் மாறும். ஒரு சங்கதி கூடும், ஒரு சொல் நழுவும். பாடுகிறவர் போய்விட்டால் பாட்டும் போய்விடும்.

பாலுசாமி தீட்சிதர் தன் மகள் வயிற்றுப் பேரனைத் தத்து எடுத்து, குடும்பத்துச் சொத்தான அந்தப் பாடல்களைச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பேரன்தான் சுப்பராம தீட்சிதர். 1839-ல் பிறந்தவர். பிற்பாடு அவரும் எட்டயபுரத்தில் சமஸ்தான வித்வான் ஆனார். பாடல்கள் ஸ்வரக் குறிப்போடு அவர் கைவசம் இருந்தன. அதாவது, அப்சர்வேஷன் ரெடி. ஆனால் ரெக்கார்டு எழுதவில்லை!

கர்னாடக இசையை மேல்நாட்டு ஸ்டாஃப் நொட்டேஷனில் அச்சிட்டு வந்த சின்னசாமி முதலியார் இதை விடுவதாக இல்லை. 'அச்சில் கொண்டு வாங்க' என்று வற்புறுத்தினார். எட்டயபுரம் ராஜாவும் கை கொடுத்தார். சுப்பராம தீட்சிதர் உட்கார்ந்து எழுதி முடித்தது 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. தெலுங்கு எழுத்தில், ராக லட்சணத்தோடு, கமகங்களுக்குத் தனித்தனி அடையாளக் குறி போட்டு, 1904-ல் எட்டயபுரம் வித்யா விலாஸினி அச்சகத்திலேயே அச்சானது. முத்துசாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டும் 229 அதில் இருக்கு.

சுப்பராம தீட்சிதர் காலமானது எந்த வருஷம் தெரியுமா? 1906. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று இன்னும் ரெண்டே வருஷம் தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்க!

இன்றைக்கும் ஒரு தீட்சிதர் கிருதியின் பழைய வடிவம் எது என்று சந்தேகம் வந்தால் பாடகர்கள் திறக்கிற புத்தகம் இதுதான். பின்னாளில் சென்னை மியூசிக் அகாடமி இதைத் தமிழ் எழுத்திலும் கொண்டுவந்தது. இந்த 229-க்கு வெளியே தீட்சிதர் பேரில் பின்னாளில் அச்சான கிருதிகளில் சிலவற்றைப் பற்றி, 'இது அவர் பாட்டுதானா?' என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. எழுதி வைத்ததற்கும் எழுதி வைக்காததற்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

2005-ல் ஒரு அவசரம்

எட்டயபுரத்திலிருந்து ஒரே தாவாக ஃபின்லாந்துக்காரர் லினஸ் டோர்வால்ட்ஸிடம் போவோம். அவருக்கும் கிட்டத்தட்ட இதே பிரச்னை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதுகிற லினக்ஸ் கெர்னலுக்கு 2002-லிருந்து பிட்கீப்பர் என்ற சாஃப்ட்வேரைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 2005-ல் அதன் இலவச அனுமதி போய்விட்டது. மனுஷன் 2005 ஏப்ரலில் தானே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். சில நாளிலேயே கிட் தயார். அதே வருஷம் ஜூலையில் பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோ ஏற்றுக்கொண்டார்.

முதல் நாளிலிருந்தே கிட்டுக்குள் அந்த நடு நோட்டு இருந்தது. அப்போது அதன் பேர் 'கேஷ்'. இன்றைக்கும் சில கமாண்டுகளில் 'கேஷ்டு' என்று ஒரு வார்த்தை வருதே, அது அந்தப் பழைய பேரின் மிச்சம். கேஷ், இண்டெக்ஸ், ஸ்டேஜிங் ஏரியா... மூணும் ஒண்ணுதான். குழம்பாதீங்க.

'ரீஸ்டோர்' கமாண்டு ரொம்பப் பிற்பாடு வந்தது. 2019 ஆகஸ்டில், 2.23 வெர்ஷனில். அதற்கு முன்னாடி எல்லாத்துக்கும் 'செக்அவுட்'தான். பிராஞ்ச் மாறணுமா? செக்அவுட். ஃபைலை மீட்கணுமா? அதுவும் செக்அவுட். ஒரே சாவியில் வீட்டுக் கதவும் திறக்கும், பைக்கும் ஸ்டார்ட் ஆகும் என்கிற மாதிரி! அந்தக் குழப்பம் தீரத்தான் பிராஞ்சுக்கு 'ஸ்விட்ச்', ஃபைலுக்கு 'ரீஸ்டோர்' என்று பிரித்துக் கொடுத்தார்கள்.

களத்தில் இறங்குவோம்

ஒரு உதாரணம். நாலு பேர் சேர்ந்து எட்டயபுரத்தைப் பற்றி ஒரு வெப்சைட் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 'தீட்சிதர்' என்று ஒரு ஃபைல். (கமாண்டுகளை இங்கே உச்சரிக்கிற மாதிரி எழுதியிருக்கு. கீபோர்டில் இங்கிலீஷில்தான் அடிக்கணும்.)

சாயங்காலம் 7 மணி. பக்கம் சூப்பராக வந்திருக்கு. 'கிட் ஆட் தீட்சிதர்' என்று அடிக்கிறீர்கள். கமிட் பண்ணவில்லை. 'இன்னும் போட்டோ சேர்க்கணும், அப்புறம் கமிட் பண்ணிக்கலாம்' என்று விட்டுவிட்டீர்கள்.

9 மணி. போட்டோ சேர்க்கிறேன் பேர்வழி என்று பாதிப் பக்கம் அழிந்துவிட்டது. சேவும் பண்ணியாச்சு. எடிட்டரையும் மூடியாச்சு.

இப்போது 'கிட் ரீஸ்டோர் தீட்சிதர்'. என்டர். அவ்வளவுதான். 7 மணிக்கு இருந்த பக்கம் அப்படியே வந்து நிற்கும். கமிட்டே பண்ணாமல்!

எப்படி? 'ஆட்' அடித்த அந்த நொடியிலேயே கிட் உங்க ஃபைலின் முழு உள்ளடக்கத்தையும் சுருக்கி, 'டாட் கிட்' என்கிற மறைவான ஃபோல்டருக்குள் ஒரு காப்பி போட்டுவிடும். அதற்கு 40 எழுத்து நீளத்தில் ஒரு பேரும் வைக்கும். 'இந்த ஃபைலுக்கு இந்தக் காப்பி' என்று இண்டெக்ஸில் குறித்து வைக்கும். ஆக, ஆட் என்பது வெறும் 'டிக்' அடிக்கிற வேலை இல்லை. அதுவே ஒரு சேவ். இது தெரியாமல்தான் 'கமிட் பண்ணலையே... போச்சே...' என்று பல பேர் விடிய விடிய திரும்ப டைப் அடிக்கிறார்கள்.

ஃபைலையே டெலீட் பண்ணிட்டீங்களா? ஒருமுறை ஆட் ஆகியிருந்தால் போதும், அதே கமாண்டில் திரும்பி வரும். புதுசாக உருவாக்கி, ஆட் பண்ணி, இன்னும் ஒருமுறைகூட கமிட் ஆகாத ஃபைலும் வரும். அந்த நேரத்தில் உலகத்திலேயே அதன் ஒரே காப்பி அந்த நடு நோட்டில்தான் இருக்கு என்பதை நினைத்துப் பாருங்க!

உஷார்! அம்பு எந்தப் பக்கம்?

இனிமேல்தான் நிதானமாகப் படிக்கணும். ரீஸ்டோர் ஒரு மருந்துதான். ஆனால் லேபிளைப் படிக்காமல் குடித்தால் விஷம்.

அப்சர்வேஷனிலிருந்து ரஃப் பேப்பருக்குக் காப்பி எடுக்கும்போது, ரஃப் பேப்பரில் இருந்தது மொத்தமாக அழிந்துவிடும். 7 மணிக்கும் 9 மணிக்கும் நடுவில் உருப்படியாக ஏதாவது எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்து போச்சு. 'ஆர் யூ ஷ்யூர்?' என்று கிட் கேட்காது. ரீசைக்கிள் பின்னும் கிடையாது. அந்த ரெண்டு மணி நேரத்து வேலையை கிட் பார்த்ததே இல்லை. பார்க்காததை அது எப்படித் திருப்பித் தரும்?

அதனால் ரீஸ்டோருக்கு முன்னாடி ஒரு தடவை 'கிட் டிஃப்' அடிங்க. ரஃப் பேப்பருக்கும் அப்சர்வேஷனுக்கும் என்ன வித்தியாசம் என்று வரி வரியாகக் காட்டும். அதில் தெரிகிற வித்தியாசம்தான் ரீஸ்டோர் அடித்தால் காணாமல் போகப்போவது. பார்த்துவிட்டு, 'இது எல்லாமே குப்பைதான்' என்றால் மட்டும் அடிங்க. பாதி நல்லது, பாதி குப்பை என்றால் 'கிட் ரீஸ்டோர்' கூட ஒரு கோடு போட்டு 'பி' சேர்த்துக்கோங்க. ஒவ்வொரு துண்டாகக் காட்டி 'இதைத் தூக்கவா, வைக்கவா?' என்று கேட்கும்.

வி.எஸ். கோட் பயன்படுத்துகிறவர்கள் கவனத்துக்கு. சோர்ஸ் கன்ட்ரோல் பகுதியில் ஃபைல் பக்கத்தில் கூட்டல் குறி இருக்கே, அது ஆட். வளைந்த அம்புக்குறி இருக்கே, 'டிஸ்கார்ட் சேஞ்சஸ்', அது ரீஸ்டோரின் அண்ணன். ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. கை தவறாமல் பார்த்துக்கோங்க. தவறிப் போனால் ஒரு ஆறுதல், 2022-லிருந்து வி.எஸ். கோட்டின் 'டைம்லைன்' பகுதியில் ஒரு வசதி இருக்கு. அந்த எடிட்டரில் நீங்க சேவ் பண்ணின பழைய வடிவங்களை அது தனியாகச் சேர்த்து வைக்கும். கிட் கைவிட்டால் அங்கே ஒரு எட்டு போய்ப் பாருங்க.

அண்ணே, ஒரு டவுட்டு!

எங்க பக்கத்து ஜூனியரும் சீனியரும் இதைப் பேசிக்கொண்டால் எப்படி இருக்கும்? இதோ ஒரு கற்பனை.

'அண்ணே, நான் ஆட்டே பண்ணலண்ணே. ரீஸ்டோர் அடிச்சா என்ன வரும்?'

'முன்னாடி கமிட் பண்ணிருக்கியாடே?'

'ஆமாண்ணே, நேத்து.'

'அப்போ நேத்து கமிட் பண்ணுனது வரும். நீ புதுசா ஆட் பண்ணாத வரைக்கும் இண்டெக்ஸ்ல கடைசி கமிட்டுல உள்ளதுதான இருக்கும்.'

'சரிண்ணே. ஸ்டேஜ்டுனு ஒண்ணு போடுறாங்களே, அது என்னது?'

'அது வேற வேலைடே. கிட் ரீஸ்டோர், ரெண்டு கோடு, ஸ்டேஜ்டுன்னு அடிச்சா ரஃப் பேப்பரைத் தொடவே தொடாது. அப்சர்வேஷனை மட்டும் கடைசி ரெக்கார்டு மாதிரி மாத்திப்புடும். தெரியாம ஆட் பண்ணிட்டேன், கமிட்டுல போகக் கூடாதுன்னா அதை அடி.'

'ரெண்டும் ஒண்ணுன்னுல நெனச்சேன்!'

'அங்கதான் மாட்டுவ. ஸ்டேஜ்டு போட்டா நீ எழுதுன ஃபைல் அப்படியே இருக்கும். போடலைன்னா எழுதுனது போயிரும். ஒரு வார்த்தைதான் வித்தியாசம்.'

'அண்ணே, கெடுத்து வெச்சதையும் ஆட் பண்ணிட்டேன்னா?'

'அப்சர்வேஷன்லயும் டீ ஊத்திட்டேங்க. அப்போ ரெக்கார்டுக்குத்தான் போணும். ஸ்டேஜ்டு, ஒர்க்ட்ரீ ரெண்டையும் சேர்த்துப் போடு. கடைசி கமிட்டுல இருந்து ரெண்டு எடத்துக்கும் வந்துரும்.'

'ஆட்டும் பண்ணாம, கமிட்டும் பண்ணாம, புது ஃபைலை அழிச்சிட்டேன்னா?'

'போய்த் தூங்குடே. காலைல எந்திரிச்சு திரும்ப டைப் அடி.'

சிப்பியில் முத்து

சீனியர் சொல்லாமல் விட்ட ஒரு கடைசி வழியும் இருக்கு. நல்ல வடிவத்தை 7 மணிக்கு ஆட் பண்ணினீங்க. கெட்டுப்போனதை 9 மணிக்கு மறுபடி ஆட் பண்ணிட்டீங்க. இண்டெக்ஸ் இப்போது 9 மணிக் காப்பியைத்தான் காட்டும். ஆனால் 7 மணிக் காப்பி அழிந்துவிட்டதா? இல்லை! பேர் எழுதின சீட்டுதான் கிழிந்தது, சரக்கு குடோனிலேயே கிடக்கு.

'கிட் எஃப்.எஸ்.சி.கே.' என்று அடித்து, கூடவே ரெண்டு கோடு போட்டு 'லாஸ்ட் - ஃபவுண்ட்' என்று சேர்த்தால், யாரும் உரிமை கொண்டாடாமல் கிடக்கிற காப்பிகளை எல்லாம் 'டாட் கிட்' ஃபோல்டருக்குள் 'லாஸ்ட் - ஃபவுண்ட்' என்ற இடத்தில் கொட்டி வைக்கும். ஒரு கஷ்டம் என்னவென்றால், எதற்கும் ஃபைல் பேர் இருக்காது. அந்த 40 எழுத்துப் பேர்தான் இருக்கும். தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளித்துக் கரையேற்றிய சிப்பிகளைக் அந்தக் காலத்தில் குவித்து வைத்துப் பிரித்துப் பார்த்தார்களே, அந்த மாதிரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கணும். முத்து எதில் இருக்கு என்று வெளியிலிருந்து தெரியாது.

இதற்கும் கெடு உண்டு. கிட் அவ்வப்போது வீட்டைப் பெருக்கும். சாதாரணமாக, ரெண்டு வாரத்துக்கு மேல் யாரும் கேட்காமல் கிடக்கிற காப்பிகளைக் கூட்டித் தள்ளிவிடும். அதனால் தேடுவதென்றால் சீக்கிரம் தேடணும்.

ஆறு மணி நேரம்

'இதெல்லாம் ஸ்டூடன்ட்ஸ் பண்ற கூத்து, பெரிய கம்பெனிகளில் நடக்காது' என்று நினைக்கிறீர்களா? கிட் புராஜெக்ட்டுகளை வைத்துக்கொள்ள உலகமே இடம் கேட்கிற கிட்லேப் கம்பெனியிலேயே நடந்தது. 2017 ஜனவரி 31 ராத்திரி. டேட்டாபேஸில் வந்த சிக்கலைச் சரி செய்யப் போன இன்ஜினீயர் ஒருவர், வேறொரு சர்வர் என்று நினைத்து மெயின் சர்வரின் டேட்டாவை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், எடுத்திருக்க வேண்டியவை ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்தன.

கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? சம்பவத்துக்கு சுமார் ஆறு மணி நேரம் முன்னாடி, சோதனை சர்வரில் போட்டுப் பார்ப்பதற்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு காப்பி! அந்த சோதனை சர்வருக்கும் 'ஸ்டேஜிங்' என்றுதான் பேர். கிட்டின் ஸ்டேஜிங் ஏரியா வேறு, இது வேறு. ஆனால் பாடம் ஒண்ணுதான். ரஃபுக்கும் ரெக்கார்டுக்கும் நடுவில் கிடந்த ஒரு காப்பிதான் கம்பெனியைக் கரையேற்றியது. நடுவில் கழிந்த ஆறு மணி நேரத்து டேட்டா? அது போனது போனதுதான். நம்ம 7 மணி - 9 மணிக் கதையேதான், அளவு மட்டும் பெரிசு. அந்தக் கம்பெனி நடந்ததை மறைக்காமல் ஊரறிய எழுதி வைத்தது, அதனால்தான் இன்றைக்கு நாம் அதைப் படித்து உஷாராக முடிகிறது.

அப்சர்வேஷனும் காணாமல் போனால்?

இண்டெக்ஸை நம்பலாம், ஆனால் எல்லாத்துக்கும் நம்பிவிடக் கூடாது. ரஃப், அப்சர்வேஷன், ரெக்கார்டு மூணும் ஒரே பையில் இருக்கு என்பதை மறக்காதீங்க. இண்டெக்ஸ் இருப்பது 'டாட் கிட்' ஃபோல்டருக்குள். புராஜெக்ட் ஃபோல்டரையே மொத்தமாக டெலீட் பண்ணினாலோ, ஹார்டு டிஸ்க் மண்டையைப் போட்டாலோ, லேப்டாப்பை பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்கினாலோ மூணு நோட்டும் சேர்ந்து போகும். அதற்குத்தான் 'புஷ்'. வேறொரு ஊரில் இருக்கிற சர்வரில் ஒரு காப்பி. ஆனால் ஒண்ணு, புஷ் போவது கமிட் ஆனது மட்டும்தான். ஆட் பண்ணி நிறுத்தினது லேப்டாப்பிலேயேதான் இருக்கும்.

'டாட் கிட்' ஃபோல்டரைப் பார்த்து 'இது என்னமோ வைரஸ்' என்று டெலீட் பண்ண வருகிற நண்பர்களிடமிருந்தும் அதைக் காப்பாற்றுங்க!

தமிழில் ஃபைல் பேர் வைக்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் டிப்ஸ். 'கிட் ஸ்டேட்டஸ்' அடித்தால் பேருக்குப் பதில் 340, 256 என்று சாய்கோடும் நம்பருமாக வரும். பயப்படாதீங்க, ஃபைலுக்கு ஒண்ணும் ஆகவில்லை. கிட் கான்ஃபிகில் 'கோர் டாட் கோட்பாத்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் தமிழ் தமிழாகவே தெரியும். எந்த ஃபைலை மீட்கிறோம் என்று கண்ணால் பார்த்து அடிப்பது நல்லதுதானே?

இன்னைக்கு ராத்திரியே ஒரு ஒத்திகை

இதைப் படித்துவிட்டு மடித்து வைத்தால் ரிவ்யூ ராத்திரியில் ஞாபகம் வராது. நீச்சலை வெள்ளம் வந்த பிறகு கத்துக்க முடியாது. அதனால் பத்தே நிமிஷம் ஒதுக்கி, புராஜெக்ட் ஃபோல்டரைத் தொடாமல், ஒரு காலி ஃபோல்டரில் இதைச் செய்து பாருங்க.

ஒண்ணு: 'கிட் இனிட்' அடித்துவிட்டு, புது ஃபைலில் நாலு வரி எழுதுங்க. ஆட், கமிட்.

ரெண்டு: அஞ்சாவது வரி எழுதி, ஆட் மட்டும் பண்ணுங்க.

மூணு: ஆறாவது வரியை எழுதி சேவ் பண்ணுங்க. ஆட் வேண்டாம். 'கிட் டிஃப்' அடித்தால் ஆறாவது வரி மட்டும் தெரியும். 'டிஃப்' கூட 'ஸ்டேஜ்டு' போட்டால் அஞ்சாவது வரி மட்டும் தெரியும்.

நாலு: இப்போது 'கிட் ரீஸ்டோர்' அடிக்கப் போகிறீர்கள். அடிக்கும் முன் எத்தனை வரி மிஞ்சும் என்று ஒரு பேப்பரில் எழுதுங்க. அப்புறம் அடிங்க.

அஞ்சு: ஃபைலையே டெலீட் பண்ணுங்க. மறுபடி ரீஸ்டோர். வருதா?

நாலாவது ஸ்டெப்பில் 'அஞ்சு' என்று எழுதியிருந்தால் நீங்க பாஸ். ஆறாவது வரிதான் யாரும் எழுதி வைக்காத வரி. அதை எந்தக் கமாண்டாலும் கொண்டுவர முடியாது.

ஓடுகிற புரோகிராமில் கை வைப்பதற்கு முன்னாடி ஒரு ஆட், டீ குடிக்கப் போகும் முன்னாடி ஒரு ஆட், ஒரு வேலை உருப்படியாக முடிந்ததும் ஒரு கமிட், லேப்டாப்பை மூடும் முன்னாடி ஒரு புஷ். பழக்கம் அவ்வளவுதான். கூட இருக்கிறவன் 'சின்னதா ஒரு சேஞ்ச்தான் மச்சி...' என்று ஆரம்பிக்கும்போது, கையைப் பிடித்து நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்க...

'ஆட் பண்ணியா மக்கா?'